பட்டம் பழிக்கத்தக்கதா?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டிச் சிறுவர் சிறுமியர்க்கு நடைபெறும் விளையாட்டுப் போட்டிகளுள் பட்டம் விடுதலும் ஒன்று. அப்போட்டியை அறவே நீக்கிவிட வேண்டும் என்று சென்ற ஆண்டுச் செயற்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டதை உறுப்பினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதனை முன்மொழிந்தவர் யாமே. அடுத்த கூட்டத்தில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டவரும் யாமே. “முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொண்டீரே, காரணம் என்ன?” என்று அன்பர் பலர் கேட்டனர். வாயால் சொல்லி முடியாத காரணமாதலின், ஆண்டு மலரில் எழுதித் தருகிறோம் என்று வாக்களித்தோம். அவ்வாக்கை நிறைவேற்றவே இக்கட்டுரை. யாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தரே. குற்றமிருப்பின் பொறுத்தருள்க.

முதற்கண் நிகழ்ந்ததைக் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு ஆனித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எம் இளைய மகளை ஸ்கூட்டரின் முன்புறம் நிறுத்திக்கொண்டு மேம்பாலம் ஒன்றின் மீது வந்துகொண்டிருந்தோம். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று தலைக்கவசத்தின் வாரில் பட்டு இழுத்தது. அனிச்சையாக இடக்கையை உயர்த்தினோம். அடுத்த நொடியில் உள்ளங்கை பிளந்து குருதி கொட்டியது. அறுந்து எங்கோ போன பட்டத்தின் நைலான் நூல் அது. ஏழு தையல் போட்டார்கள். குழந்தை உயரத்தில் சிறியவளாதலின் நூல் அவள் தலைக்கு மேலே சென்றுவிட்டது. இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணி அன்றிரவு முழுவதும் உறங்கினோமில்லை. அந்தக் கட்டுப்போட்ட கையோடுதான் செயற்குழுவுக்கு வந்து, பட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்று பேசினோம்.

எம் மனத்தை மாற்றியவர் எம் அண்டை வீட்டுக் கன்னடப் பெரியவர். தொட்டபள்ளாபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர், எண்பதைக் கடந்தவர். எம்முடன் கன்னடத்திலும் எம் மகளுடன் தமிழிலும் பேசுவார். இரு மொழிச் சிறுவர்க்கும் அவர் ‘தாத்தா’. எம் கையைப் பார்த்துவிட்டு உள்ளே சென்று, ஒரு பழைய பருத்தி நூற்கண்டை எடுத்து வந்தார். ஒரு முழம் நூலை இழுத்து, இரு விரல்களுக்கிடையே வைத்து வெடுக்கென்று அறுத்துக் காட்டினார். “இது அறும். நாங்கள் விட்டது இதில்தான். உம் கையை அறுத்தது அறாத நூல். பட்டத்தின்மேல் ஏன் கோபிக்கிறீர்?” என்றார். அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. பட்டத்தின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்தவற்றுள் நம் குடும்பத்தார்க்குப் பயன்படுவனவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

பிறப்பும் பரவலும்

பட்டத்தின் தாயகம் சீனம் என்பது பெரும்பாலோர் கொள்கை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த மோசி என்னும் அறிஞர் மரத்தாலான பறவை ஒன்றைச் செய்து பறக்கவிட்டார் என்பது அந்நாட்டு மரபுரை. பின்னர்ப் பட்டுத் துணியும், அதன் பின்னர்க் காகிதமும் வந்தன. மூங்கில், பட்டு, காகிதம் ஆகிய மூன்றும் எளிதிற் கிடைத்த நாட்டில் பட்டம் பிறந்தது வியப்பன்று. அங்கிருந்து கொரியா, ஜப்பான் முதலிய நாடுகளுக்கு அது சென்றது. மலாய் மக்கள் ‘வாவ்’ என்று அழைக்கும் பட்டத்தின் வடிவே இன்றும் மலேசிய விமான நிறுவனத்தின் சின்னமாக விளங்குகிறது.

எல்லாப் பொருளும் தமிழரிடமே தோன்றின என்று மேடையில் முழங்குவது சிலர்க்கு இன்பம் தரலாம். பட்டத்தின் திறத்தில் அவ்வாறு வலிந்து உரைக்க வேண்டுவதில்லை. நாடு விட்டு நாடு சென்று, சென்ற இடத்தின் காற்றுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டு அவ்விடத்துப் பொருளாகவே ஆகிவிட்ட ஒன்றை, குடிபெயர்ந்து வந்து வாழும் நாம் அன்னியமாகக் கருத இயலுமா?

நம் நாட்டில் மராட்டிய அடியார் நாமதேவரின் பாடல் ஒன்றில் பட்டம் உவமையாக வருகிறது. சீக்கியரின் திருநூலாகிய குரு கிரந்த சாகிப்பில் அப்பாடல் இடம்பெற்றுள்ளது. காகிதத்தை வெட்டிப் பட்டம் செய்து வானில் விட்ட சிறுவன், தோழரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாலும் அவன் உள்ளம் நூலின்மீதே இருக்கும். அதுபோல இறைவன்மீது உள்ளம் நிற்க வேண்டும் என்பது அதன் கருத்து. நாமதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்தவர். உவமை என்பது கேட்போர்க்குத் தெரிந்த பொருளைக் கொண்டே கூறப்படுவது. ஆதலின் அக்காலத்துச் சிறுவர்க்குப் பட்டம் நன்கு பழகிய விளையாட்டாக இருந்தது என்று கொள்ளலாம். பின்னர் முகலாயர் காலத்து ஓவியங்களிலும் மாடத்தில் நின்று பட்டம் விடும் மகளிரைக் காண்கிறோம்.

விடுதலைப் போரிலும் பட்டத்திற்குப் பங்குண்டு. 1928-இல் சைமன் குழு இலக்னோ நகருக்கு வந்தபோது, கைசர்பாகில் அக்குழுவினர்க்குச் செல்வர்கள் வரவேற்பு அளித்தனர். போலீசார் தெருக்களை அடைத்துவிட்டனர். மக்களோ, “சைமனே, திரும்பிப் போ” என்று எழுதிய பட்டங்களையும் பலூன்களையும் வரவேற்புப் பந்தலின் மேலே பறக்கவிட்டனர். தெருவை அடைத்தவர்களால் வானத்தை அடைக்க முடியவில்லை.

அறிவியலுக்குச் செய்த தொண்டு

பட்டம் விடுதல் வேலையற்றோர் வினை என்று கருதுவோர் சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் கீழ்வருவனவற்றை நோக்குவாராக.

1749-இல் கிளாஸ்கோ நகரை அடுத்த ஓரிடத்தில், அலெக்சாண்டர் வில்சன் என்பவர் தம் மாணாக்கர் தாமஸ் மெல்வில்லுடன் பல பட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து விட்டு, வெப்பமானிகளை மேலே ஏற்றி உயரத்தின் வெப்பநிலையை அறிய முயன்றார். 1752-இல் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், இடி மேகத்தில் இருப்பது மின்சாரமே என்று பட்டத்தின் துணைகொண்டு மெய்ப்பிக்க முயன்ற வரலாறு நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. (அதனைப் பிள்ளைகள் செய்துபார்க்கக் கூடாது என்பதையும் உடன் சொல்லிவைத்தல் வேண்டும்.)

1848-இல் நயாகரா ஆற்றின் பள்ளத்தாக்கின்மேல் தொங்கு பாலம் அமைக்கத் தொடங்கினர். இக்கரையிலிருந்து அக்கரைக்கு முதற் கயிற்றைக் கொண்டுசெல்வது எவ்வாறு? கீழே ஓடும் நீரில் படகு செல்லாது. பட்டத்தின் நூலை அக்கரையிற் சேர்ப்பவர்க்குப் பரிசு என்று அறிவித்தனர். ஹோமன் வால்ஷ் என்னும் சிறுவன் அதனைச் செய்து முடித்தான். அவன் நூலில் தடித்த நூலும், தடித்த நூலில் கயிறும், கயிற்றில் கம்பியுமாகக் கட்டி இழுத்துப் பாலத்தை எழுப்பினர். 1855-இல் அதே இடத்தில் எழுந்த பாலத்தின்மீது ரயிலும் ஓடியது. ரயில்வே ஊழியரான எமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி அளித்தது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

1893-இல் ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் பெட்டிப் பட்டத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், அத்தகைய நான்கு பட்டங்களைக் கோத்து, அவற்றில் தம்மையே கட்டிக்கொண்டு 16 அடி உயரம் எழுந்தார். 1899-இல் ரைட் உடன்பிறந்தார், சிறகை முறுக்கி விமானத்தைத் திருப்பலாம் என்னும் தம் கருத்தை முதன்முதலிற் சோதித்தது ஒரு பட்டத்தைக் கொண்டே. 1901 டிசம்பர் 12-இல் மார்க்கோனி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த கம்பியில்லாச் செய்தியை நியூபவுண்ட்லாந்தில் கேட்டபோது, அவருடைய வானலை வாங்கிக் கம்பியைக் காற்றில் உயர்த்திப் பிடித்திருந்ததும் ஒரு பட்டமே.

நம் பெங்களூரில் 1940-இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1942-இல் இந்திய அறிவியற் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பெற்றது. அத்தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர்கள் நம் காலனியிலும் உளர். அவர்கள் கட்டிய விமானங்களின் மூதாதை, மாடியில் நம் பிள்ளைகள் விடும் காகிதப் பட்டமே. சட்டமும் அவ்வுறவை ஒப்புக்கொள்கிறது. 1934-ஆம் ஆண்டின் இந்திய விமானச் சட்டம், வானூர்தி என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, பலூன், மிதவைக் கப்பல் முதலியவற்றோடு பட்டத்தையும் சேர்த்தே கூறியது. அச்சட்டத்தின் இடத்தை 2025 சனவரி முதல் நாளிலிருந்து புதிய சட்டம் பெற்றுள்ளது.

காற்றும் காலமும்

பட்டம் எவ்வாறு பறக்கிறது? சாய்ந்து நிற்கும் காகிதத்தின்மீது காற்று மோதிக் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. அதன் எதிர்விசை பட்டத்தை மேலே தள்ளுகிறது. ஆனால் காற்றோடு காற்றாக அடித்துச் செல்லப்படும் பொருள்மீது காற்று மோதுவதில்லை. எதிர்த்து நிறுத்தி வைப்பதற்கு ஒன்று வேண்டும். அதுவே நூல். நூல் பிடித்து இழுப்பதனால் பட்டம் தாழ்வதாகச் சிறுவர் எண்ணுவர்; உண்மையில் நூல் பிடித்திருப்பதனாலேயே அது எழுகிறது. நூலைப் பட்டத்தோடு பிணைக்கும் முடிச்சைச் சென்னையில் ‘சூத்திரம்’ என்பர். யாழ்ப்பாணத்தில் ‘முச்சை’ என்பர். பட்டத்தின் சாய்வை அளந்து வைப்பது அம்முடிச்சே. ஒரு விரற்கடை மேலே ஏறினும் கீழே இறங்கினும் பட்டம் குட்டிக்கரணம் போடும்.

காற்று ஊருக்கு ஊர் வேறுபடுதலின் பட்டக் காலமும் வேறுபடுகிறது. அகமதாபாத்தில் சனவரி 14-இல் உத்தராயணத் திருநாள். 1989 முதல் அங்குப் பன்னாட்டுப் பட்டத் திருவிழாவும் நடைபெற்று வருகிறது. இலக்னோவில் தீபாவளிக்கு மறுநாள். தில்லியில் ஆகஸ்டு 15. யாழ்ப்பாணத்தில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் தைத்திங்கள். சென்னையில் கடற்காற்று எழும் கோடை விடுமுறை மாலைகள்.

நம் பெங்களூரில் ஆஷாட மாதமே பட்டக் காலம். அம்மாதம் நம் ஆனியின் பிற்பாதியையும் ஆடியின் முற்பாதியையும் பெரும்பாலும் தழுவி நிற்பது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் தன் மழையின் பெரும்பகுதியைப் பெய்துவிட்டு, ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலுள்ள இந்நகரத்தை வறண்ட, விடாத காற்றாக வந்து அடைகிறது. இடையிடையே சாரல் விழும். காற்று மட்டும் ஓயாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் கூறியது இக்காற்றையே. ஆஷாடத்தில் கன்னடர் திருமணம் செய்வதில்லை. ஆடியில் நாமும் செய்வதில்லை. புதுமணப் பெண் தாய்வீடு செல்வதும் இருவர்க்கும் பொதுவே. ஆக, ஓய்வும் காற்றும் ஒருங்கே வாய்க்கும் மாதத்தில் பட்டம் எழுவது இயல்பன்றோ?

கன்னடத்தில் பட்டத்தைக் ‘காளிபட’ என்பர். காளி என்பது காற்று. தமிழில் காற்றுக்குக் ‘கால்’ என்பது பழம்பெயர். இவ்விரண்டையும் ஓரினச் சொற்களாக மொழியறிஞர் வைத்துள்ளனர். 2008-இல் இப்பெயரோடு ஒரு கன்னடத் திரைப்படமும் வெளிவந்து பெயர் பெற்றது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொட்டபள்ளாபுரத்தில், நெசவாளர் நிறைந்த அவ்வூரில், ஆஷாட மாதத்தில் பட்டத் திருவிழா நடைபெறுவது வழக்கம். எம் அண்டை வீட்டுத் தாத்தா பட்டம் கற்றது அங்கேதான். தறியிலிருந்து கழிந்த நூலே அவர் சிறுவயதில் விட்ட நூல்.

திடல் இழந்த நகரம்

1809-இல் ஆங்கிலேயர் இங்குப் படைவீடு அமைத்தபோதே அதனோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. 1864 ஆகஸ்டு முதல் நாளில் கண்டோன்மென்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் வருவோர் தொகை பெருகியது. அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம், ஒகளிபுரம் எனத் தமிழர் வாழ்ந்த பகுதிகள் பல. அன்று ஏரிகளும் அவற்றின் கரைகளும் சிறுவர்க்கு விளையாடுமிடங்களாக இருந்தன. நகர ரயில் நிலையத்தின் எதிரே தர்மாம்புதி ஏரி இருந்தது. அது வற்றித் திடலாகி, இன்று பேருந்து நிலையமாக உள்ளது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் உள்ளது. நகரம் வளர்வதை நாம் குறைகூற இயலாது. நாமும் அவ்வளர்ச்சியால் வாழ்பவரே. ஆனால் திடல் போனபின் பட்டம் மாடிக்கு ஏறியது. மாடியிலிருந்து விட்ட பட்டம் அறுந்தால் அதன் நூல் வயலில் விழுவதில்லை. சாலையின் குறுக்கே விழுகிறது. சாலையில் இருசக்கர வண்டிகள் பெருகின. எம் கையில் நேர்ந்த காயத்திற்கு இதுவும் ஒரு காரணம் என்று பின்னரே உணர்ந்தோம்.

நூல் மாறிய கதை

இனி யாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. யாம் பிறந்தது சென்னைப் பெரம்பூரில். அங்குப் பட்டத்திற்குக் ‘காத்தாடி’ என்று பெயர். பத்து வயதில் யாமும் எம் தோழரும் எரிந்துபோன குழல்விளக்கை உடைத்து இடித்துச் சலித்து, வச்சிரப் பசையிலும் சோற்றுக்கஞ்சியிலும் குழைத்து, வண்ணம் சேர்த்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு நூலில் தடவினோம். அதுவே மாஞ்சா. இரு கம்பங்களுக்கிடையே அதனைக் கட்டிக் காயவைத்துக் காவலிருந்தோம். பிறர் காத்தாடியை ‘டீல்’ போட்டு அறுப்பதில் எமக்கிருந்த வெறி சொல்லும் தரமன்று. அந்நூல் எங்கே போய் விழுகிறது என்று ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆதலின் எம் கையை அறுத்தவன் யாரோ ஒரு சிறுவன் என்றால், அச்சிறுவன் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் யாமாகவே இருந்திருக்கலாம்.

கண்ணாடி பூசிய பருத்தி நூலும் கொடியதே. எனினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. உள்ளே இருப்பது பருத்தி. வேகமாக இழுத்தால் அறும். மழையில் நனைந்தால் பசை கரையும். மரத்தில் சிக்கினால் சில திங்களில் மக்கிவிடும். பின்னர் நைலான் முதலிய செயற்கை இழை நூல் விலை மலிவாக வந்தது. ‘சீன மாஞ்சா’ என்று அதற்குப் பெயர். பெயர்தான் சீனம், பெரும்பாலும் நம் நாட்டிலேயே செய்யப்படுவது. அது இழுத்தால் அறுவதில்லை, நனைந்தால் கெடுவதில்லை, ஆண்டுகள் பல கடந்தாலும் மக்குவதில்லை. அறாமையே அதன் சிறப்பு என்று விற்றனர். அறாமையே அதன் கொடுமை.

விளைவுகளை நாடறியும். 2019 நவம்பரில் வடசென்னையில், தந்தையின் வண்டியில் முன்னால் அமர்ந்து சென்ற மூன்று வயதுக் குழந்தை கழுத்தில் மாஞ்சா நூல் அறுத்து உயிர்நீத்தது. எம் மகளைப் பார்க்குந்தோறும் அச்செய்தி நினைவுக்கு வருகிறது. பருந்து, ஆந்தை, வௌவால் முதலிய உயிர்கள் மரங்களில் தொங்கும் நூலிற் சிக்கிச் சிறகொடிந்து மடிகின்றன. தில்லியில் நதீம் ஷெசாத், முகம்மது சவுத் என்னும் உடன்பிறந்தார் இருவர், காயமுற்ற பருந்துகளை எடுத்து மருத்துவம் செய்து வருபவர்கள். அவர்கள் பணியைக் காட்டும் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2022-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அவர்கள் காணும் காயங்களுக்குப் பெருங்காரணம் பட்ட நூலே. வானில் நம் பட்டத்திற்கு முன்னரே குடியிருந்த பறவையை நம் விளையாட்டு கொல்லுமாயின் அதனை விளையாட்டு என்று எவ்வாறு அழைப்பது?

2017 சூலை 11-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், நைலான் முதலிய மக்காத செயற்கை இழையாலான பட்ட நூலை நாடெங்கும் தடைசெய்தது. தடை வந்து ஆண்டுகள் பல கடந்தும் அந்நூல் கடைகளில் மறைவாகக் கிடைக்கத்தான் செய்கிறது. வாங்குவோர் இருக்கும்வரை விற்போர் இருப்பர். பத்து ரூபாய் கேட்கும் சிறுவனுக்கு எதற்கென்று வினவாமல் கொடுக்கும் பெற்றோராகிய நாமும் அவ்வாங்குவோருள் அடங்குவோம்.

நாம் செய்யத்தக்கன

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னரே யாம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றோம். போட்டியை நீக்கிவிட்டால் நம் காலனிச் சிறுவர் பட்டத்தை விட்டுவிடுவரா? விடார். நம் கண்காணாத மாடிகளில், நமக்குத் தெரியாத நூலில் விடுவர். திடலில் நம் கண்முன் நல்ல நூலில் விடச் செய்வதே நன்று.

“அறுக்காமல் போட்டி ஏது?” என்று இளைஞர் கேட்டனர். அதற்கு விடை நம் இனத்தாரிடமே உள்ளது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று கடற்கரையில் நடைபெறும் பட்டப் போட்டி புகழ்வாய்ந்தது. அங்குப் பிறர் பட்டத்தை அறுப்பது நோக்கமன்று. கப்பல், பறவை, பாம்பு எனப் புதுப்புது வடிவங்களை மாதக்கணக்கில் உழைத்துச் செய்து, அவற்றை வானில் எழச் செய்வோர்க்கே பரிசு. கொக்குப் பட்டம், பெட்டிப் பட்டம் என்று வகைகள் பல. ‘விண்’ என்னும் நாரைப் பூட்டி விட்டால் பட்டம் இரவிலும் கூவிக்கொண்டே நிற்கும். போரும் துயரும் கண்ட அம்மண்ணில் மக்கள் திரண்டு வானை அண்ணாந்து பார்த்து மகிழும் நாள் அது. அவர்கள் வழியை நாமும் பின்பற்றலாமே!

ஆதலின் இவ்வாண்டு முதல் நம் போட்டிக்குச் செயற்குழு ஏற்றுக்கொண்ட விதிகளை ஈண்டுத் தருகிறோம். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இவற்றைப் படித்துக் காட்டுவாராக.

பட்டத்தைச் சிறுவர் தாமே செய்தல் வேண்டும். சீவிய மூங்கிலும் ஈர்க்கும் மெல்லிய காகிதமும் போதும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பட்டத்திற்குப் பரிசில்லை.

நூல் வெறும் பருத்தி நூலாக இருத்தல் வேண்டும். சங்கமே நூற்கண்டு வழங்கும். நடுவர் ஒரு முழம் இழுத்து விரலால் அறுத்துப் பார்ப்பார். அறாத நூல் போட்டியில் சேராது.

பரிசுகள் மூன்று: நெடுநேரம் வானில் நின்றதற்கு ஒன்று; அழகிய வடிவிற்கு ஒன்று; போட்டி முடிந்தபின் திடலிலும் மரத்திலும் கிடக்கும் நூலைப் பொறுக்கி அதிகமாகக் கொண்டுவந்து சேர்ப்பவர்க்கு ஒன்று. மூன்றாவதே முதற் பரிசாகும்.

இன்னொன்றும் ரயில்வே ஊழியர் என்ற முறையில் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இருப்புப்பாதையின் மேலே செல்லும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். அதனைத் தொட வேண்டுவதில்லை. மிக அருகே சென்றாலே பாயும். ஈரமான நூலும், உலோகம் பூசிய நூலும் அம்மின்சாரத்தைக் கைக்குக் கொண்டுவந்துவிடும். பாதையருகே பட்டம் விடலாகாது. கம்பியிற் சிக்கிய பட்டம் போனது போனதே. அதனை எடுக்கக் கோலையோ கல்லையோ தூக்கலாகாது. காகிதம் ஓரணாப் பெறாது. பிள்ளையின் உயிர் அத்தகையதன்று.

கன்னட அண்டையாரின் பிள்ளைகளையும் இப்போட்டிக்கு அழைத்துள்ளோம். நடுவராக இருக்க எம் அண்டை வீட்டுத் தாத்தா இசைந்துள்ளார். நூலை அறுத்துப் பார்ப்பவர் அவரே.

தமிழில் நூல் என்னும் ஒரே சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். வேற்று மாநிலத்தில் பிழைக்க வந்த நாம், நம் பிள்ளைகள் உயரப் பறக்க வேண்டும் என்று விரும்புகிறோம். அதே வேளையில் நம் கையிலுள்ள நூல் நழுவிவிடலாகாது என்றும் அஞ்சுகிறோம். அவ்வச்சத்தால் அறாத நூலைக் கையில் எடுத்தால் அது நம் பிள்ளையையும் அறுக்கும். வழியே போகிறவரையும் அறுக்கும். மென்மையான நூலை, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடித்து, விடவேண்டிய இடத்தில் விட்டுக் கொடுத்தலே பட்டம் விடுவோர் அறிந்த கலை.

எம் உள்ளங்கையில் வடு இன்னும் உள்ளது. சென்ற கிழமை எம் மகள் அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, நானும் பட்டம் செய்யட்டுமா?” என்று கேட்டாள். செய் என்றோம். ஈர்க்கு சீவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விழா நாளன்று காற்று நன்றாக வீசட்டும்.